டிராகன் ரயில்: பழைய பெட்டிகளைப் புதுப்பிப்பதா, புதிது வாங்குவதா?

நெம்மாறா–வல்லங்கி வேலா திருவிழா முடிந்து, மே மாதக் கடைசிப் பொருட்காட்சியும் கலைந்ததும், கேரள–தமிழக எல்லைப் பக்கத்து ராட்டினக்காரர்களிடமிருந்து டிராகன் ரயிலை, அதாவது டிராகன் தலையோடு ஓடும் சின்ன ரோலர் கோஸ்டரைப் பற்றி ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், இந்தப் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலை என்று ஊர்தான் மாறும். “டிராகன் ரயில் பழசாகிவிட்டது. இதையே ஓவர்ஹால் செய்து ஓட்டலாமா, புதுசு எடுக்கலாமா, யாரிடமாவது நல்ல ரயில் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் வாங்கிப் போட்டுவிடலாமா?”

யாருக்கு எது சரி என்பது ரயிலைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு வழியிலும் வெளியே தெரியாத செலவு எங்கே இருக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

இதற்கு மர ரோலர் கோஸ்டர்களை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நம் வட்டாரத்தில் மர கோஸ்டர் கிடையாது. ஆனால் பழைய பெட்டியை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்ற கேள்வியோடு நூறு வருடமாக மல்லுக்கட்டி வருபவர்கள் அவற்றை நடத்துகிறவர்கள்தான். மெல்போர்ன் லூனா பார்க்கின் சீனிக் ரயில்வே 1912-ல் திறந்தது. கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் கடற்கரையின் ஜயன்ட் டிப்பர் 1924-ல் வந்தது, நியூயார்க் கோனி ஐலண்டின் சைக்ளோன் 1927-ல். அவை சங்கிலியாலோ கம்பிவடத்தாலோ உச்சிக்கு இழுக்கப்பட்டு, பிறகு தன் எடையிலேயே பாய்ந்து இறங்குபவை. நம் டிராகன் ரயில் பெரும்பாலும் மோட்டாரில் ஓடுவது, உயரமும் வேகமும் மிகக் குறைவு. இருந்தாலும் அச்சு, சக்கரம், பூட்டு, தண்டவாளம் நான்கும் தேய்கிற விதம் ஒன்றுதான்.

முதலில் அளவுகோல்கள்

பெயின்ட்டையும் டிராகன் தலையையும் ஒதுக்கி வையுங்கள். ஃபைபர் பாடி பளபளவென்று இருந்தால் கூட்டம் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் ரயில் தாங்குமா தாங்காதா என்பதை அது சொல்லாது.

என் வரிசையில் முதலில் வருவது பூட்டு. தொடைக்கு மேல் இறங்கி உட்காருகிற கம்பியைச் சொல்கிறேன். நம் ரயில்கள் பலவற்றில் இரண்டு பேருக்கு ஒரே கம்பி. அப்பாவும் ஐந்து வயதுக் குழந்தையும் சேர்ந்து உட்கார்ந்தால் கம்பி அப்பாவின் தொடையில் இடித்து நின்றுவிடும். குழந்தையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். பூட்டு விழுந்த சத்தம் கேட்கும், ஆபரேட்டரும் சரி என்று கை காட்டுவார், ஆனால் அந்தக் குழந்தையை எதுவும் பிடித்திருக்காது. இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்துக் கென்னிவுட் பூங்காவில் தண்டர்போல்ட் என்ற மர கோஸ்டரில் வெகுகாலம் தடுப்பு இல்லாத பெஞ்சு இருக்கைகளே இருந்தன. வளைவில் ஆள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வழுக்கிப் போவார் என்பதால், அப்போது தனி ஆளாக ஏற அனுமதியே கிடையாது. அதனால் எந்த வழியை எடுத்தாலும் கேள்வி இதுதான்: ஆளுக்கொரு கம்பியும், இருக்கைக்கு நடுவே தடுப்பும் கிடைக்குமா?

இரண்டாவது, இரும்பின் களைப்பு. ரயில் ஒரு சுற்று வரும்போது அச்சு பல தடவை வளைந்து நிமிர்கிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால் அச்சின் விட்டம் குறைகிற முனையிலும், சாவிக்காடியிலும் (சக்கரத்தைப் பூட்டும் சாவித்துண்டு உட்காரும் பள்ளம்), வெல்டிங் ஓரத்திலும் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது, கிரீஸ் அதை மூடியிருக்கும்.

மூன்றாவது, தண்டவாளத்தோடு ஒத்துப்போவது. பழைய செருப்பு காலுக்கேற்றபடி தேய்ந்திருப்பதுபோல, ரயிலும் தண்டவாளமும் ஒன்றையொன்று பார்த்தே தேய்ந்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதன் தேய்மானம் அப்போதுதான் வெளியே தெரியும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அதனால் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அப்புறம் மூன்று விஷயங்கள்: சீசன் நடுவில் உதிரி கிடைக்குமா, இரண்டு மாநிலத்திலும் காட்டக் காகிதம் இருக்குமா, ஜூன் முதல் அக்டோபர் வரைக்குள் வேலை முடியுமா. கல்பாத்தித் தேருக்குக் கூட்டம் சேர்கிற நவம்பரில் ரயில் பட்டறையில் பிரிந்து கிடந்தால் அந்த வருடக் கணக்கே போச்சு.

வழி 1: இருக்கிற ரயிலையே முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது

இதற்குத்தான் என் முதல் ஓட்டு, ஒரு நிபந்தனையோடு. பிரிப்பது என்றால் கடைசி போல்ட் வரை பிரிக்க வேண்டும். சக்கரம் மாற்றி, கிரீஸ் அடித்து, பெயின்ட் பூசி அனுப்புவதை ஓவர்ஹால் என்று பில் போடுகிறார்கள். அது சர்வீஸ், அவ்வளவுதான்.

தண்டர்போல்ட்டையே மறுபடி எடுத்துக்கொள்கிறேன். 1924-ல் பிப்பின் என்ற பெயரில் ஓடிய கோஸ்டரை மாற்றிக் கட்டி 1968-ல் இந்தப் பெயரில் திறந்தார்கள். அதில் ஓடும் பெட்டிகள் நேஷனல் அம்யூஸ்மென்ட் டிவைஸ் என்ற நிறுவனம் செய்தவை. இன்று அந்தப் பெயரில் நிறுவனமே கிடையாது. உதிரி கேட்டு யாருக்கும் போன் போட முடியாது, வேண்டியதைப் பட்டறையில் செய்துதான் போட வேண்டும். இருந்தும் அவை தலைமுறைகளைத் தாண்டி ஓடியிருக்கின்றன. பழைய ரயில் ஓடாது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். நல்ல பட்டறையும் பொறுமையும் இருந்தால் ஓடும்.

பட்டறை விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். வாளையாறு தாண்டினால் கோயம்புத்தூர். கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் லேத் வேலைக்கு ஆள் இருக்கிறது, வார்ப்புக்கு ஃபவுண்டரி இருக்கிறது, விரிசல் பார்க்கும் சோதனைக்கூடமும் இருக்கிறது. இந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஃபேப்ரிகேஷன் ஆட்கள். கோஸ்டர் பெட்டிக்கு வேண்டிய வேலை எதுவும் ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

விரிசல் சோதனையை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். அச்சைக் கழற்றி, பெயின்ட்டும் கிரீஸும் போக வெற்று இரும்பாகக் கழுவ வேண்டும். சிவப்புச் சாயத்தை அடித்து 10 நிமிடமாவது விட வேண்டும், விரிசல் இருந்தால் அதற்குள் சாயம் இறங்கிவிடும். பிறகு துணியால் ஒரு சொட்டும் மேலே இல்லாமல் துடைத்துவிட்டு, வெள்ளைப் பவுடர் ஸ்பிரேயை அடிக்கிறார்கள். நல்ல அச்சு வெள்ளையாகவே இருக்கும். கெட்டதில் ஒரு சிவப்புக் கோடு மெல்லக் கசிந்து வரும். அதைப் பார்த்த பிறகு அந்த அச்சில் ஆளை ஏற்ற மனசு வராது. மேற்பரப்பில் வாய் திறந்திருக்கும் விரிசலை மட்டுமே சாயம் காட்டும் என்பதால், இரும்பு அச்சுக்குக் காந்தத் துகள் சோதனையும், உள்ளே பார்க்க அல்ட்ராசவுண்டும் சேர்த்துக் கேளுங்கள். மொத்தச் செலவில் இது சின்னத் தொகை.

இந்த வழியில் பணத்தைத் தின்பவை வேறு. பிரித்த பிறகு தெரியவரும் வேலைதான் முதல் பூதம். இருக்கை பொருந்தும் இடத்தில் ஃபைபர் வெடித்திருக்கும், அதன் அடியில் சேஸிஸ் குழாய் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலும் மழையிலும் திறந்த மைதானத்தில் நின்ற ரயிலுக்கு இது சகஜம். முதல் மதிப்பீட்டுக்கு மேல் கால் பங்காவது கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அடுத்தது அச்சு. தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து நிரப்பி, கடைந்து தருகிறேன் என்று சொல்வார்கள். வேண்டாம். வெல்டிங் சூடு பட்ட இடம் விறைத்துப்போய், அடுத்த விரிசல் அங்கேயே பிறக்கும். புது அச்சாகவே போடுங்கள். உறுதி கூடிய ஈ.என்.24 எஃகு என்று சொல்லி, அதைவிட உறுதி குறைந்த ஈ.என்.8 கம்பியைக் கடைந்து கொடுத்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பொருளின் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். விட்டம் மாறும் முனையை நேர் மூலையாக வெட்டாமல் உருண்டையாகக் கடையச் சொல்லுங்கள். லேத்காரருக்கு ஐந்து நிமிட வேலை, ஆனால் அச்சின் ஆயுளே அந்த வளைவில்தான் இருக்கிறது.

சக்கரத்துக்கு பி.யூ. (பாலியூரித்தேன்) லைனிங் புதிதாகப் போடலாம். ரொம்பக் கெட்டியாகப் போட்டால் அதிர்ச்சி அப்படியே பியரிங்குக்குப் போகும், ரொம்ப மிருதுவாகப் போட்டால் ஏப்ரல் வெயிலில் சூடேறிப் பிய்ந்துவரும். பழைய சக்கரத்தின் கடினத்தன்மையை அளந்து அதையே கேட்பது நல்லது. நைலாக் நட்டு, ஸ்பிளிட் பின் எல்லாம் ஒருமுறை கழற்றினால் குப்பைக்கு. அவற்றில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

பூட்டையும் இந்த ஓவர்ஹாலிலேயே மாற்றிவிடுங்கள். ஒற்றைக் கம்பியை எடுத்துவிட்டு ஆளுக்கொரு கம்பி, நடுவே தடுப்பு. பழைய மர கோஸ்டர் ரயில்கள் பலவற்றில் புதுப்பிக்கும்போது இதைத்தான் சேர்த்தார்கள். ஆனால் இதை வெல்டர் மட்டும் யோசித்துச் செய்யக் கூடாது. ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் வரைந்து கையெழுத்துப் போட்ட பிறகே செய்ய வேண்டும். இது கட்டுப்படியாகாது என்று தோன்றினால், இந்த வழியே உங்களுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வழி 2: தண்டவாளம் பழசு, ரயில் மட்டும் புதுசு

ஃபுளோரிடாவில் டாம்பாவின் புஷ் கார்டன்ஸில் 1999-ல் குவாசி என்ற இரட்டை மர கோஸ்டர் திறந்தது. முதலில் ஓடியவை ஃபிலடெல்ஃபியா டொபாகன் நிறுவனத்தின் பெட்டிகள். 2011-ல் அவற்றை எடுத்துவிட்டு மில்லேனியம் ஃப்ளையர் ரயில்களைப் போட்டார்கள். ஒரு பெட்டிக்கு ஒரே வரிசை, பெட்டிக்குப் பெட்டி மடங்கிக் கொடுக்கும் அமைப்பு என்பதால் வளைவில் நீளப் பெட்டியைப்போல் முட்டி மோதாமல் வழுக்கிக்கொண்டு போகும். நல்ல ரயில்தான். ஆனாலும் 2015-ல் குவாசியை மூடினார்கள். மூடியதற்குப் பல காரணம் இருக்கலாம். புது ரயில் மட்டும் அதைக் காப்பாற்றவில்லை என்பது நிச்சயம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் நேரானது. தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று ஜனங்கள் சொன்னால் குற்றம் ரயிலிலா தண்டவாளத்திலா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தண்டவாளத்தின் இரண்டு குழாய்க்கும் நடுவிலான தூரத்தை ஒரு இரும்புப் பட்டையில் அளவாக வெட்டிக்கொண்டு, சுற்று முழுக்க ஒவ்வொரு அடியாக வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பட்டை இறுகும், இன்னோரிடத்தில் ஆடும். அந்த இடங்களில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு ரயிலை ஓட்டினால், ஆட்டம் வருகிற இடமும் கோடு போட்ட இடமும் ஒன்றாக இருந்தால் பிரச்சினை தண்டவாளத்தில். புது ரயில் வாங்கினாலும் அதே இடத்தில் அதே ஆட்டம்தான், கூடவே புதுச் சக்கரமும் சீக்கிரம் தேயும்.

தண்டவாளம் சரியாக இருந்து, ரயிலின் சேஸிஸில் விரிசல் பல இடத்தில் வந்துவிட்டது என்றால் புது ரயில்தான் சரி. அங்கே ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பது ஆபத்து. ஓவர்ஹால் மதிப்பீடு புது ரயில் விலையில் பாதியைத் தாண்டினாலும் நான் புதிதின் பக்கம்தான் நிற்பேன். பூட்டு தனித்தனியாகவே வரும், உற்பத்தியாளர் கணக்குத்தாளும் வரும்.

கோட்டேஷனில் இல்லாத செலவுகளைக் கேட்டு வாங்குங்கள். புதுப் பெட்டியின் தரை உயரம் மாறினால் பிளாட்பாரத்தை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். எடை கூடினால் மோட்டாரும் பிரேக்கும் தாங்குமா என்று கணக்குப் போட வேண்டும். கரண்ட் எடுக்கும் பிரஷ் பழைய பட்டையில் சரியாக உட்காருமா என்றும் பாருங்கள். இரண்டு சக்கரத் தொகுதிக்கும் நடுவிலான தூரம் பழையதைவிடக் கூடுதலாக இருந்தால் சின்ன வளைவில் ரயில் இறுகும். ஆர்டர் கொடுக்கும்போதே உங்கள் தண்டவாளத்தின் உண்மையான அளவை அனுப்புங்கள். பத்து வருடம் முன்பு கொடுத்த வரைபடத்தின் அளவு இன்று இருக்காது.

வழி 3: செகண்ட் ஹேண்ட்

விலை கேட்டால் கை தானாக நீளும். எனக்கு இதில் பயம்தான் அதிகம்.

இடம் மாறிய பழைய ஆட்டங்கள் நன்றாக ஓடியதில்லையா என்றால், ஓடியிருக்கின்றன. டெக்ஸாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோவில் 1947-ல் ராக்கெட் என்ற பெயரில் கட்டிய மர கோஸ்டரைப் பிரித்து, மரத்துண்டுகளுக்கு எண் போட்டு, பென்சில்வேனியாவின் கனோபல்ஸ் பூங்காவுக்குக் கொண்டுபோய் 1985-ல் ஃபீனிக்ஸ் என்று திறந்தார்கள். இன்றைக்கும் மர கோஸ்டர் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஆட்டம் அது. ஆனால் அங்கே முழு ஆட்டமும் மொத்தமாக வந்தது, எந்தத் துண்டு எங்கே என்பது தெரிந்து வந்தது. நாம் வாங்குவது ஒருவர் கழித்துவிட்ட ரயிலை மட்டும். அது எத்தனை சீசன் ஓடியது, எப்போதாவது கவிழ்ந்ததா, எந்த அச்சு எப்போது மாற்றியது என்பதையெல்லாம் விற்பவர் வாய்ச்சொல்லாகச் சொல்வார். அச்சின் களைப்பு வாய்ச்சொல்லில் தெரியாது.

மலிவாக வாங்கியதற்கு வழி 1-ல் சொன்ன எல்லாச் சோதனையும் செய்ய வேண்டும், வழி 2-ல் சொன்ன எல்லாப் பொருத்தமும் பார்க்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் மலிவு மலிவாக இருக்காது. மாநிலம் தாண்டிக் கொண்டுவந்தால் லாரி வாடகை தனி. சரக்கு மதிப்பு ரூ. 50,000-க்கு மேல் என்பதால் இ-வே பில்லும் ஒழுங்கான பில்லும் வேண்டும். பில் இல்லாத ரயிலுக்கு நாளைக்கு இன்ஷூரன்ஸ் கேட்கும்போது பதில் சொல்ல முடியாது.

ஒரே ஒரு நிலைமையில் இதைச் சொல்வேன். நீங்கள் வைத்திருக்கும் அதே பட்டறை செய்த, அதே அளவு ரயில், பராமரிப்பு நோட்டோடு கிடைக்கிறது, முன்பணம் கொடுக்கும் முன்பே அச்சைக் கழற்றிச் சோதிக்க விற்பவர் ஒப்புக்கொள்கிறார் என்றால் வாங்கலாம். அப்போதும் அதை ஓடும் ரயிலாக நினைக்காமல் உதிரிக்கு வைத்துக்கொள்ளும் ரயிலாக வாங்கினால் நிம்மதி. சோதிக்க விடமாட்டேன் என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

வழி 4: தண்டவாளத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றுவது

டெக்ஸாஸ் ஜயன்ட் என்ற மர கோஸ்டர் 1990-ல் வந்தது. அதன் மரச்சட்டத்தின் மேல் ராக்கி மவுண்டன் நிறுவனம் எஃகுத் தண்டவாளம் போட்டு, புது ரயிலோடு 2011-ல் திறந்தது. குவாசியும் அதே நிறுவனத்தின் கையில் அயர்ன் குவாசியாக மாறி 2022-ல் மறுபடி வந்தது. தூண்கள் நன்றாக இருந்தன, ஓடும் பாதைதான் தேய்ந்தது என்கிற இடத்தில் இது அருமையான வழி.

நம்மில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. மலம்புழா மாதிரி இடங்களில் நிலையாகப் பூங்கா வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். ஊர் மாறும் ரயிலின் தண்டவாளம் அடிக்கடி கழற்றிப் பூட்டுவதால் இணைப்புத் தட்டில்தான் கெடும். அந்தத் துண்டுகளை மட்டும் புதிதாகச் செய்துகொண்டால் போதும்.

காகிதம்: இரண்டு பக்கமும் ஒரே ஃபைல்

இது தனி வழி இல்லை, ஆனால் நாலு வழிக்கும் பொது. எல்லைப் பக்கத்தில் தொழில் செய்கிறவர் ஒரு மாதம் கேரளத்தில், ஒரு மாதம் தமிழ்நாட்டில் கூடாரம் போடுகிறார். தீயணைப்பு, மின் ஆய்வு, உள்ளாட்சி என்று ஒவ்வோர் இடத்திலும் கேள்வி புதிதாக வரும். அச்சுச் சோதனை அறிக்கை, பொருள் சான்றிதழ், இன்ஜினியர் கையெழுத்திட்ட பூட்டு வரைபடம், தினசரிப் பரிசோதனை நோட்டு, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருங்கள். ராட்டின வகைகளுக்கென்றே ஐ.எஸ். 15475 என்ற இந்தியத் தர நெறிமுறை இருக்கிறது. சோதனைக்கூடத்திடமும் இன்ஜினியரிடமும் அந்த எண்ணைச் சொல்லியே வேலை கேளுங்கள். இந்த ஃபைல் ஓவர்ஹால் செய்த பழைய ரயிலுக்கு இருந்து, புது ரயிலுக்கு இல்லை என்றால் என் குடும்பத்தைப் பழைய ரயிலில்தான் ஏற்றுவேன்.

ஜூனில் எங்கே தொடங்குவது

முதல் வாரத்தில் தண்டவாளத்தைப் பட்டை வைத்து அளந்துவிடுங்கள், மழை பிடித்துக்கொண்டால் மைதானத்தில் நிற்க முடியாது. அடுத்து ஒரே ஒரு பெட்டியை மட்டும் முழுதாகப் பிரித்து அச்சு, சேஸிஸ், பூட்டு மூன்றையும் சோதனைக்கு அனுப்புங்கள். அந்த ஒரு பெட்டியைப் பார்த்தால் மற்றவை எப்படி இருக்கலாம் என்று ஒரு கணிப்பு கிடைக்கும். ஓவர்ஹாலா புதுசா என்பதை அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகு முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் யாருக்கும் முன்பணம் தர வேண்டாம். புது ரயில் என்று முடிவானால் ஜூலைக்குள் ஆர்டர் போக வேண்டும், தள்ளிப்போட்டால் நவம்பருக்குக் கைக்கு வராது.

எந்த வழியில் வந்த ரயிலாக இருந்தாலும், ஆளை ஏற்றும் முன் ஒவ்வோர் இருக்கையிலும் 75 கிலோ மணல் மூட்டை வைத்துக் கட்டி ஓட்டுங்கள். ஒருநாள் முழுக்க ஓடட்டும். பிறகு பாதி இருக்கை காலியாக, ஒரு பக்கம் மட்டும் மூட்டை வைத்தும் ஓட்டிப் பாருங்கள், கூட்டம் குறைந்த சாயங்காலத்தில் ரயில் அப்படித்தான் ஓடப்போகிறது. ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் பியரிங் மூடியையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதைப் பிரித்துப் பார்க்கும்வரை டிக்கெட் கவுண்டரைத் திறக்காதீர்கள்.